கொலுசுக் கணக்கு எழுதும் எடிட்டருக்குள் லுவா

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என் தாய்மாமா ஒரு சிறிய கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். கட்டி வெள்ளியை எடை போட்டுக் கூலிக்குக் கொடுப்பது, செய்து வந்த கொலுசை எடை போட்டு வாங்குவது, இரண்டுக்கும் இடையிலான சேதாரத்தைக் கழிப்பது என்று நாள் முழுவதும் நடக்கும் கொடுக்கல் வாங்கலை, பட்டறையின் கணக்குப்பிள்ளை ஒரு வெறும் உரைக் கோப்பில் வரிக்கு ஒரு பதிவாக எழுதிவருகிறார். அவர் பயன்படுத்தும் எடிட்டர், சில ஆண்டுகளுக்கு முன் நான் சி மொழியில் எழுதிக் கொடுத்தது. தட்டச்சில் ஹையர் முடித்தவர் அவர். விசைப்பலகையை விட்டுக் கையை எடுத்து மவுஸைத் தேடுவது பிடிக்காது என்பதால் எக்ஸெல் அங்கே எடுபடவில்லை. ஒரு பதிவு இப்படி இருக்கும்:

14 கொலுசு 1198.250 82

தேதி, பொருள், கிராமில் எடை, டச். எடையை டச்சால் பெருக்கி நூறால் வகுத்தால் அதில் உள்ள சுத்த வெள்ளியின் எடை வரும். மேலே உள்ள வரிக்கு அது 982.565 கிராம். எஃப்5 விசையை அழுத்தினால் எடிட்டரே இதைக் கணக்கிட்டு வரியின் கடைசியில் சேர்த்துவிடும். இந்தக் கணக்கை நான் சி நிரலுக்குள்ளேயே எழுதிவைத்திருந்ததுதான் பிற்பாடு வந்த தொல்லைக்கெல்லாம் காரணம். புது டிசைனுக்குச் சேதாரம் வேறு, கல் வைத்த உருப்படிக்குக் கல்லின் எடையைக் கழிக்க வேண்டும், வெளியூர் வியாபாரிக்கு வேறொரு விதி என்று மாதம் ஒரு மாற்றம் வரும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நான் வீட்டில் உட்கார்ந்து மறுபடி கம்பைல் செய்து (சி நிரலை இயங்கு கோப்பாக மாற்றி), பென்டிரைவில் போட்டுக்கொண்டு சூரமங்கலத்திலிருந்து போக வேண்டும். "ஒரு விதியை மாத்தறதுக்கு ஒவ்வொரு தடவையும் நீயே வரணுமா மாப்ள? அவருக்கே மாத்தத் தெரியுற மாதிரி பண்ணிக் குடுத்துரு" என்று மாமா சொன்ன அன்றுதான், கம்பைல் செய்யாமலே விதிகளை எழுதி ஓட்டக்கூடிய ஒரு ஸ்கிரிப்ட் மொழியை எடிட்டருக்குள் பதிப்பது என்று முடிவெடுத்தேன்.

இது புதிய யோசனை அல்ல. 1985-இல் வெளிவந்த ஜிஎன்யு ஈமாக்ஸ் என்ற எடிட்டரின் அடித்தளம் மட்டும் சி மொழியில் இருக்கிறது. எடிட்டராக நாம் காணும் பெரும்பகுதி அதற்குள் ஓடும் லிஸ்ப் மொழி நிரல்தான். நியோவிம் என்ற எடிட்டர், லுவா என்ற சிறிய மொழியைத் தன் உள்மொழிகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. நான் முதலில் முயன்றது பைத்தான். எனக்கு நன்றாகத் தெரிந்த மொழி என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. பதிப்பதற்கு அதிலும் வழி இருக்கிறது, வேலையும் செய்தது. ஆனால் பட்டறையில் இருக்கும் பழைய கணினிக்கு எடிட்டரோடு பைத்தானின் நூலகக் கோப்புறை முழுவதையும் சுமந்து செல்ல வேண்டியிருந்தது, விருந்தாளியாக வந்தவர் வீட்டுச் சாவியைக் கேட்பதுபோல. இரண்டு நாளில் அதைக் கைவிட்டேன்.

லுவா அப்படியல்ல. 1993-இல் பிரேசிலில், ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் ரோபெர்த்தோ இயெருசலிம்ஸ்கி உள்ளிட்ட மூவர் உருவாக்கிய இந்த மொழி, இன்னொரு நிரலுக்குள் நூலகமாகப் போய் உட்காருவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. போர்த்துகீசிய மொழியில் லுவா என்றால் நிலா. 5.4 பதிப்பின் மூல நிரல் ஏறத்தாழ 30,000 வரி சுத்தமான சி, உரிமம் எம்ஐடி. அந்தக் கோப்புகளை என் எடிட்டரின் கோப்புகளோடு ஒரே கோப்புறையில் போட்டு ஒன்றாகக் கம்பைல் செய்தேன். முன்போலவே ஒரே ஒரு இயங்கு கோப்பு. பென்டிரைவில் எடுத்துப்போக வேண்டியது அவ்வளவுதான்.

முதல் ஸ்கிரிப்ட் ஓட ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நியூஸ்டேட்டை அழைத்து, ஸ்கிரிப்டை வாசித்து ஓட்டும் ஓர் இன்டர்பிரட்டரை உருவாக்குவது, வரியை எடுக்கவும் மாற்றவும் நான் சி மொழியில் எழுதிய ஃபங்ஷன்களை அதில் பதிவு செய்வது, ஸ்கிரிப்ட் கோப்பை ஏற்றுவது, ஓட்டுவது: அடிப்படையில் நான்கே படிகள். சி பக்கமும் லுவா பக்கமும் மதிப்புகளை நேராகக் கைமாற்றிக்கொள்வதில்லை. நடுவில் ஸ்டேக் என்ற ஓர் அடுக்கு இருக்கிறது. பட்டறையில் வெள்ளியை யாரும் கையில் கொடுப்பதில்லை. தராசுத் தட்டில் வைப்பார்கள், மற்றவர் தட்டிலிருந்து எடுத்துக்கொள்வார். அதே முறைதான். ஃபங்ஷனைத் தட்டில் வை, அதற்கு வேண்டிய உள்ளீடுகளை அதன் மேல் வை, அழை. அவை எல்லாம் மறைந்து விடை தட்டில் இருக்கும்.

விடையை எடுத்த பிறகு தட்டைத் துடைக்க வேண்டும் என்பதில்தான் முதல் அடி விழுந்தது. எஃப்5 அழுத்தும்போது ஸ்கிரிப்ட் திருப்பித் தந்த மதிப்பை வாசித்தேனே தவிர, அதை ஸ்டேக்கிலிருந்து நீக்கவில்லை. சி பக்கத்துக்கு லுவா உறுதியளிப்பது 20 இடங்கள். அதற்கு மேல் வேண்டுமானால் முன்கூட்டியே கேட்டுப் பெற வேண்டும். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரு மதிப்பு மிச்சமாகிக்கொண்டே வர, எடிட்டர் சில நாள் ஒழுங்காக ஓடியது, சில நாள் காரணமே தெரியாமல் விழுந்தது. சி பக்கத்து அழைப்புகள் முறையாக இருக்கின்றனவா என்று பார்க்கும் ஏபிஐ சோதனையை இயக்கி, லுவாவையே மறுபடி கம்பைல் செய்த பிறகுதான், வரம்பைத் தாண்டிய அந்த இடத்திலேயே அது நின்று காட்டிக்கொடுத்தது. அன்றிலிருந்து, ஸ்கிரிப்டை அழைக்கும் ஒவ்வொரு இடத்திலும் நுழையும்போது ஸ்டேக்கின் உயரத்தைக் குறித்துக்கொண்டு, வெளியேறும்போது அதே உயரத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறேன்.

இதே தட்டில் இன்னொரு பொறியும் உண்டு. ஸ்டேக்கில் உள்ள ஒரு சரத்துக்கு (எழுத்துத் தொடருக்கு) லுவா தரும் பாயிண்டர், அதாவது நினைவக முகவரி, அந்தச் சரம் ஸ்டேக்கில் இருக்கும்வரை மட்டுமே நம்பத்தக்கது. மேலே சொன்ன ஒழுக்கத்தைப் பின்பற்றித் தட்டைத் துடைத்துவிட்டு அந்தப் பாயிண்டரைப் பிறகு வாசித்தால், பயன்படாத நினைவகத்தை மீட்கும் லுவாவின் குப்பை சேகரிப்பான் இடையில் வந்துபோயிருந்தால் அங்கே வேறு எதுவோ இருக்கும். முதல் தவறைத் திருத்திய கையோடு இந்தத் தவறைச் செய்தேன். வேண்டிய சரத்தை முதலில் என் நினைவகத்துக்குப் படியெடுத்துவிட்டு, அதன் பிறகே நீக்க வேண்டும்.

பெரிய விபத்து அதற்குப் பிறகுதான் நடந்தது. லுவாவில் ஒரு ஃபங்ஷனை அழைக்கக் காப்பில்லாத வழி ஒன்றும், பிழை எழுந்தால் அதைப் பிடித்து நம்மிடம் திருப்பித் தரும் பிகால் என்ற காப்புள்ள வழி ஒன்றும் உண்டு. எஃப்5-க்குப் பிகாலைத்தான் பயன்படுத்தியிருந்தேன். ஆனால் எந்த விசையையும் ஒரு ஸ்கிரிப்ட் ஃபங்ஷனோடு இணைக்கலாம் என்ற வசதியைப் பின்னால் சேர்த்தபோது, அவசரத்தில் காப்பில்லாத வழியை எழுதிவிட்டேன். காப்பில்லாத இடத்தில் பிழை எழுந்தால் லுவா, பேனிக் ஃபங்ஷனை அழைத்துவிட்டு நிரலையே முடித்துவிடும். ஒரு நாள் மதியம் கணக்குப்பிள்ளை ஒரு மாறியின் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு விசையை அழுத்தியிருக்கிறார். எடிட்டர் சன்னல் அப்படியே காணாமல் போய்விட்டது, காலையிலிருந்து சேமிக்காமல் வைத்திருந்த நாற்பது வரிகளோடு. எடைச் சீட்டுகள் கம்பியில் குத்தியிருந்ததால் மறுபடி எழுத முடிந்தது. "தம்பி, பழைய எடிட்டருக்கு இந்தப் புத்தி கிடையாதுங்க" என்று மட்டும் சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

எல்லா அழைப்புகளையும் பிகாலுக்கு மாற்றுவது பத்து நிமிட வேலை. அதோடு, பிழை எந்த வரியில் எழுந்தது என்ற தடத்தைக் கீழ்ப்பட்டையில் தமிழில் காட்டும் ஒரு கையாளியையும் சேர்த்தேன். ஆனால் பிகால் போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் அடுத்த பள்ளத்தில் விழுவார்கள். சி மொழியில் கம்பைல் செய்யப்பட்ட லுவாவில் பிழை என்பது ஒரு லாங்ஜம்ப்: பிழை எழுந்த இடத்திலிருந்து பிகால் இருக்கும் இடத்துக்கு ஒரே தாவல், இடையில் உள்ள சி ஃபங்ஷன்கள் எவையும் தம் மீதி வரிகளை ஓட்டி முடிக்காது. வரியை மாற்றும் என் ஃபங்ஷன் முதலில் நினைவகம் ஒதுக்கி, பிறகு உள்ளீடு எண்தானா என்று சோதித்து, கடைசியில் நினைவகத்தை விடுவித்தது. உள்ளீடு தவறாக இருந்தால் சோதனையே தாவிவிடும்; விடுவிக்கும் வரிக்கு நிரல் வராது. சோதனைகளை எல்லாம் முதலில் முடித்துவிட்டு அதன் பிறகே ஒதுக்குவது என்றும், தவிர்க்க முடியாத இடங்களில் நினைவகத்தை லுவாவிடமே யூசர்டேட்டாவாகக் கேட்டு வாங்குவது என்றும் வரிசையை மாற்றினேன். யூசர்டேட்டாவாக இருந்தால் தாவினாலும் குப்பை சேகரிப்பான் பின்னால் வந்து எடுத்துக்கொள்ளும்.

நினைவகம் கசிவதைவிட மோசமானது, உரை பாதியில் நிற்பது. ஐந்நூறு வரிகளை மாற்றும் ஸ்கிரிப்ட் இருநூறாவது வரியில் பிழையால் நின்றால், மாறியவை எவை மாறாதவை எவை என்று கணக்குப்பிள்ளை கண்ணால் தேட வேண்டும். வெள்ளிக் கணக்கில் அது நடக்கக் கூடாது. எனவே பிகாலுக்கு முன்பாகவே, அதற்கு வெளியே, எடிட்டர் ஒரு 'செயல்தவிர்' தொகுதியைத் திறக்கிறது. ஸ்கிரிப்ட் வெற்றியோடு முடிந்தால் தொகுதி மூடப்படுகிறது, ஒரே முறை கன்ட்ரோல்-இசட் அழுத்தினால் ஐந்நூறு மாற்றங்களும் சேர்ந்து பின்வாங்கும். பிழையோடு முடிந்தால் எடிட்டரே தொகுதி முழுவதையும் பின்வாங்கிவிடுகிறது. பிழை வந்த ஸ்கிரிப்ட் ஓடாத ஸ்கிரிப்டுக்குச் சமம். இந்த முழு வேலையில் எனக்கு நிறைவு தந்த ஒரே வடிவமைப்பு முடிவு இது என்பேன். மற்றவை எல்லாம் அடிபட்டுக் கற்றவை.

கோப்புகளை ஸ்கிரிப்டிடம் கொடுக்கும் முறையையும் ஒரு தடவை மாற்ற வேண்டி வந்தது. முதலில் பாயிண்டரையே கொடுத்தேன். ஸ்கிரிப்ட் அதை ஒரு மாறியில் வைத்துக்கொண்டிருக்கும்போது பயனர் கோப்பை மூடிவிட்டால் அந்தப் பாயிண்டர் இடிந்த வீட்டின் முகவரி. இப்போது கொடுப்பது ஓர் எண்ணும், அந்த எண் எத்தனையாவது முறையாகப் பயன்படுகிறது என்ற கணக்கும் மட்டுமே. இரண்டும் பொருந்தாவிட்டால் "கோப்பு மூடப்பட்டுவிட்டது" என்ற பிழை எழும்.

இனி தமிழ். லுவாவுக்குச் சரம் என்பது பைட்களின் வரிசை, அவ்வளவே. யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்கள். "சேலம்" என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்கு ச, ஏகாரக் குறி, ல, ம, புள்ளி என ஐந்து குறிகள். லுவாவின் நீளக் குறிக்கு 15. ஒரு தேடல் வடிவத்தில் '.' குறியைப் போட்டு ஏதேனும் ஓர் எழுத்து என்று தேடினால், அது ஏதேனும் ஒரு பைட் என்றுதான் பொருள்படும். பெயரின் முதல் எழுத்தை மட்டும் எடுக்க நினைத்த ஸ்கிரிப்ட், 'ச'வின் மூன்றில் ஒரு பங்கை எடுத்து வந்து திரையில் கேள்விக்குறிக் கட்டமாக நின்றது. 5.3 பதிப்பிலிருந்து வரும் யுடிஎஃப்8 நூலகம் குறிகளை எண்ணித் தரும், ஆனால் அதற்கும் 'சே' இரண்டுதான். எழுத்துகளை எண்ணிப் பத்திகளை நேராக அடுக்கப் பார்க்கும் கணக்குப்பிள்ளைக்கு அது உதவாது. எனவே உயிர்க்குறிகளையும் புள்ளியையும் முந்தைய மெய்யோடு சேர்த்து ஓர் எழுத்தாக எண்ணும் ஃபங்ஷனை சி பக்கத்தில் நானே எழுதிக் கொடுத்தேன்.

லுவாவின் மூல நிரலில், எழுத்துகளை வகைப்படுத்தும் கோப்பை வாசித்துக்கொண்டிருந்தபோது லுவா_யுசிஐடி என்றொரு தெரிவு கண்ணில் பட்டது. அதை இயக்கிக் கம்பைல் செய்தால், ஆங்கில எழுத்துகளுக்கான ஆஸ்கி குறியாக்கத்துக்கு வெளியே உள்ள எல்லாப் பைட்களையும் லுவா எழுத்தாக ஏற்றுக்கொள்ளும்; அதாவது மாறிகளுக்கும் ஃபங்ஷன்களுக்கும் தமிழில் பெயர் வைக்கலாம். மொழியின் 22 ஒதுக்கப்பட்ட சொற்கள் ஆங்கிலமாகவே இருக்கும் என்றாலும், ஒரு மணி நேரத்தில் கணக்குப்பிள்ளை தானாக எழுதத் தொடங்கியதற்குக் காரணம் இந்த ஒற்றை மாற்றம்தான். அவர் எழுதிய முதல் இரண்டு வரிகள்:

பழையது = வரி(12)
வரி_மாற்று(12, சுத்தம்_சேர்(பழையது))

இவற்றைப் பார்த்த மாமா, படித்துக்கூடப் பார்த்தார்.

ஆனால் இதே தெரிவுதான் என்னை ஏற்காடு வரை இழுத்தது. அங்கே ஒரு காபித் தோட்டத்தில் கணக்கு எழுதும் என் சித்தப்பா மகன், இந்த எடிட்டரை வாங்கிப்போய்ப் பழம், கொட்டை, மிளகு இருப்புகளை எழுதத் தொடங்கியிருந்தான். பழத்துக்கும் மிளகுக்கும் கூட்டல் சரியாக வர, கொட்டைக்கு மட்டும் எப்போதும் சுழியம் வந்தது. தொலைபேசியில் அரை மணி நேரம் பேசியும் பிடிபடாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப்போய் அவன் கணினியின் முன் உட்கார்ந்தேன். திரையில் இரண்டு "கொட்டை"களும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தன. பைட்களைப் பிரித்துப் பார்த்தபோது ஒன்று 18, மற்றொன்று 21.

ஒகர உயிர்மெய்க்கு யூனிகோடில் இரண்டு வழிகள் உண்டு: 'க'வுக்குப் பின் ஒகரக் குறி ஒன்றாக வரலாம், அல்லது எகரக் குறியும் கால் குறியும் தனித்தனியாக வரலாம். யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம். வரைந்து காட்டும் எழுத்துருவும் வேறுபாடு காட்டாது. அவனுடைய பழைய பதிவுகள் ஏதோ ஒரு பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்டவை, மாற்றிய கருவி கொம்பையும் காலையும் தனித்தனியாகவே விட்டுவைத்திருந்தது. ஸ்கிரிப்டில் இருந்த சொல்லோ இன்றைய விசைப்பலகையில் அடித்தது. பைட்களை மட்டுமே ஒப்பிடும் லுவாவுக்கு அவை இரண்டு வேறு சொற்கள். தரவில் நடந்தால் சுழியம் வருகிறது. ஃபங்ஷனின் பெயரிலேயே நடந்தால், கண் முன்னே எழுதியிருக்கும் ஃபங்ஷனை "அப்படி ஒன்று இல்லை" என்று லுவா சாதிக்கும். ஸ்கிரிப்டையும் கோப்பையும் ஏற்றும்போதே, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்த்து எழுதும் என்எஃப்சி வடிவுக்குக் கொண்டுவந்துவிட்டால் தீர்ந்தது. தமிழைப் பொறுத்தவரை அதற்குப் பெரிய அட்டவணை தேவையில்லை: ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஆகிய மூன்று குறிகளும் 'ஔ' என்ற உயிரெழுத்தும், ஆக நான்கே சேர்க்கைகள். ஔகாரத்தின் சிறகுக் குறிக்குப் பதிலாக 'ள' என்ற எழுத்தையே அடித்துவைத்திருப்பவர்களுக்கு இந்த விதி உதவாது, ஏனெனில் அது யூனிகோடின் கண்ணில் உண்மையிலேயே வேறு சொல். இணையத்திலிருந்து ஒட்டும்போது கூடவே வரும், கண்ணுக்குத் தெரியாத அகலமில்லா இணைப்புநீக்கிக் குறியும் யுசிஐடி தெரிவின் கீழ் ஓர் எழுத்தாகிவிடும் என்பதால், ஸ்கிரிப்டில் அதைக் கண்டால் ஏற்றவே மறுத்து வரி எண்ணைச் சொல்லும்படி வைத்துவிட்டேன். மலையிலிருந்து இறங்கும் முன்பே, அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதை எழுதி முடித்தேன்.

காவல் ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லா நூலகங்களையும் ஒரேயடியாகத் திறந்துவிடும் எளிய அழைப்பை நான் பயன்படுத்தவில்லை. அடிப்படை, சரம், அட்டவணை, கணிதம், யுடிஎஃப்8 ஆகியவற்றை மட்டும் திறக்கிறேன், கோப்புகளையும் இயங்குதளத்தையும் தொடும் இரண்டும் கிடையாது. அடிப்படை நூலகத்தில் கோப்பை ஏற்றும் ஃபங்ஷன்களும் ஒளிந்திருப்பதால் அவற்றை நீக்கினேன். ஸ்கிரிப்டை ஏற்றும்போது உரை வடிவம் மட்டும் என்று கட்டாயப்படுத்துகிறேன், ஏனெனில் கம்பைல் செய்த பைட்கோடை லுவா சரிபார்ப்பதில்லை, கெடுதலாகத் தைத்த ஒன்று எடிட்டரையே வீழ்த்தக்கூடும். முடிவில்லாச் சுற்றுக்கு, இவ்வளவு கட்டளைகளுக்கு ஒரு முறை என்று ஓடும் ஹூக் ஒன்றை வைத்து, அதற்குள் எஸ்கேப் விசை அழுத்தப்பட்டிருக்கிறதா என்று பார்த்துப் பிழை எழுப்புகிறேன். இந்த ஹூக் லுவாவின் கட்டளைகளைத்தான் எண்ணும். சி மொழியில் எழுதப்பட்ட சரத் தேடல் ஒன்று ஒரு மோசமான வடிவத்தில் மாட்டிக்கொண்டு சுற்றினால் அது வந்து எழுப்பாது. அந்த ஓட்டையை நான் இன்னும் அடைக்கவில்லை. நினைவகத்துக்கு மட்டும் முழுமையான கடிவாளம் கிடைத்தது: லுவா தனக்கு வேண்டிய நினைவகம் முழுவதையும் நாம் தரும் ஒரே ஃபங்ஷன் வழியாகவே கேட்கிறது, வரம்பு தாண்டினால் இல்லை என்று சொன்னால் போதும், அது அவசரமாகக் குப்பையைச் சேகரித்துப் பார்த்துவிட்டு, அதற்கும் போதாவிட்டால் பிகாலிடம் பிழையோடு திரும்பும்.

எடைகளைக் கிராமில் தசமமாக வைத்தால் கூட்டலில் துணுக்குகள் சேரும் என்று தெரிந்ததால், ஸ்கிரிப்டுக்குள் எல்லாவற்றையும் மில்லிகிராமில் முழு எண்களாகவே வைத்திருந்தேன், 5.3 பதிப்பிலிருந்து லுவாவில் 64 பிட் முழு எண்கள் தனியாக உண்டு. ஒற்றைச் சாய்கோட்டு வகுத்தல் எப்போதும் தசமத்தைத் தரும் என்பதால் விடையை முழு எண்ணாகவே தரும் இரட்டைச் சாய்கோட்டைப் பயன்படுத்தினேன். இதை ஓட்டத் தொடங்கி இரண்டு வாரம் கழித்துக் கணக்குப்பிள்ளை அழைத்தார். 82 டச்சில் 45.010 கிராம் உருப்படி ஒன்று போய், அதே எடையில் அப்படியே திரும்பி வந்திருக்கிறது. கணக்கு நேராக வேண்டும், ஆனால் ஒரு மில்லிகிராம் தொங்குகிறது. "எடிட்டர் திருடுதுங்களா தம்பி?" என்றார், சிரித்துக்கொண்டுதான்.

திருட்டு இல்லை, ஆனால் பிசகு இருந்தது. இரட்டைச் சாய்கோடு பின்னத்தை வெறுமனே வெட்டுவதில்லை; எண் கோட்டில் கீழ்நோக்கி இறக்குகிறது. போனபோது 36908.2 என்பது 36908 ஆனது. திரும்பியபோது எடை கழித்தல் குறியோடு வர, அது கீழ்நோக்கி இறங்கிக் கழித்தல் 36909 ஆனது. குறியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு வகுத்து, பிறகு ஒட்டும்படி 'சுத்தம்_சேர்' ஃபங்ஷனில் ஒரு வரியை மாற்ற வேண்டும் என்று சொன்னேன். நான் புறப்பட்டு வரட்டுமா என்று கேட்பதற்குள், வரி எண்ணை மட்டும் சொல்லச் சொல்லி அவரே மாற்றி எஃப்5 அழுத்திவிட்டார்.